நவம்பரும் தாகூரும் ஒரு லைஃப் சர்ட்டிஃபிகேட்டும்

நவம்பர் மாதம் வந்தால் எங்கள் கிளையில் திருவிழாக் கூட்டம். பென்ஷன்காரர்கள் லைஃப் சர்ட்டிஃபிகேட் கொடுக்க வருகிற மாதம். வீட்டில் இருந்தபடியே செல்போனில் முகத்தைக் காட்டிக் கொடுத்துவிடலாம் என்று எவ்வளவு சொன்னாலும் கொல்கத்தாவின் தாத்தாக்கள் கேட்பதில்லை. லேசாகக் குளிர் எட்டிப் பார்த்ததும் பெட்டிக்குள் இருந்து வெளியே வந்துவிட்ட மங்க்கி கேப்பை மாட்டிக்கொண்டு, காலை பத்து மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். விரல் ரேகை தேய்ந்திருக்கும். மெஷின் ஒத்துக்கொள்ளாது. எதிரே ஆள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார், ஆனால் அவர் உயிரோடு இருக்கிறாரா என்பது கம்ப்யூட்டருக்குச் சந்தேகம்.

என் அப்பாவும் பென்ஷன்காரர். திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருடம். வருடா வருடம் நவம்பர் முதல் வாரத்தில் நான் இங்கிருந்து போன் செய்து, "அப்பா, லைஃப் சர்ட்டிஃபிகேட் குடுத்தாச்சா?" என்று கேட்பேன். "குடுத்தாச்சுடா. நான் உயிரோட இருக்கேன்னு கவர்மெண்டே ஒத்துக்கிச்சு" என்பார். வருடா வருடம் அதே பதில், அதே சிரிப்பு.

2022 மார்ச் முதல் வாரத்தில் அப்பா போய்விட்டார். ராத்திரி பதினொன்றரைக்கு போன். வெளியூரில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், பத்து மணிக்கு மேல் ஊர் நம்பர் திரையில் வந்தால் எடுப்பதற்கு முன்னாலேயே வயிறு சொல்லிவிடும். முதல் விமானம் பிடித்து, சென்னையில் மாறி, நான் வீடு போய்ச் சேரும்போது அப்பா ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடித்து மொட்டைத் தலையோடு திரும்பி வந்தேன். வந்ததும் மார்ச் கணக்கு முடிப்பு. வங்கிக்காரர்களுக்கு அது எப்படிப்பட்ட பத்து நாள் என்று சொல்லத் தேவையில்லை. எல்லோரும் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள். "வேலையில மூழ்கிடுங்க சார், தானா சரியாயிடும்." மூழ்கினேன். சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அந்த வருடம் நவம்பரில் ஒருநாள், ஒரு ரிட்டயர்டு ரயில்வே தாத்தா கவுண்டரில் எதையோ கேட்டுச் சிரித்தார். அவ்வளவுதான். எழுந்து ரெக்கார்டு ரூமுக்குள் போய்ப் பழைய லெட்ஜர்களுக்கு நடுவில் நின்று அழுதேன். நாற்பது வயதுக்கு மேல், பதவியில் சீனியர் மேனேஜர், கையில் சாவிக்கொத்து. எட்டு மாதம் எங்கே இருந்தது இது என்று எனக்கே புரியவில்லை. அதற்குப் பிறகு தூக்கம் போயிற்று. ராத்திரி போன் மணி அடிக்காமலேயே அடித்ததுபோல் விழித்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

எங்கள் கேஷியர் தாதா (இங்கே எல்லோரும் தாதாதான், நம்மூர் அர்த்தத்தில் இல்லை, அண்ணன்) என்னைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை, "வாங்க, ஜொராஷாங்கோ போய் வரலாம்" என்றார். வங்காளிகளுக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து ரவீந்திரநாத் தாகூர் என்பது எனக்குத் தெரியும். மரியாதைக்காகப் போனேன். கிரீஷ் பார்க் மெட்ரோவில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் சிவப்புக் கட்டடம். தாகூர் பிறந்ததும் இறந்ததும் அந்த வீட்டில்தான். இப்போது மியூசியம்.

அப்பா வங்காள நாவல் பைத்தியம். த.நா.குமாரசுவாமி வங்காளத்திலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டு வந்த புத்தகங்களை லைப்ரரியிலிருந்து வரிசையாக எடுத்து வந்து படித்தவர். நான் பி.காம்., எனக்கும் அதற்கும் ரொம்ப தூரம். தாடி வைத்த ரிஷி, நோபல் பரிசு, தேசிய கீதம். தாகூரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்றைக்கு தாதா அறை அறையாக நின்று சொல்லிக்கொண்டு வந்தது வேறு ஒரு ஆளின் கதை. பிறகு நானும் தேடித் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுத நினைத்தேன்.

வருடக் கணக்காகவே சொல்கிறேன், எனக்கு அதுதான் வரும்.

1884 ஏப்ரல். தாகூருக்கு இருபத்து மூன்று முடியவில்லை. அண்ணன் ஜோதிரிந்திரநாத்தின் மனைவி காதம்பரி தேவி தற்கொலை செய்துகொண்டார். தாகூரைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். சின்ன வயதிலிருந்து விளையாட்டுத் தோழி, அம்மா போன பிறகு பார்த்துக்கொண்டவர், எழுதியதை முதலில் படிக்கிறவர். தாகூருக்குக் கல்யாணமாகி அப்போது நாலு மாதம். பல வருடம் கழித்து 1912ல் வெளிவந்த நினைவுக் குறிப்புகளில் இந்தச் சாவைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதுகிறார், ஆனால் பெயரைச் சொல்லவில்லை. மரமும் மண்ணும் சூரியனும் அப்படியே இருக்க, அவற்றைவிட நிஜமாக இருந்த ஒருவர் மட்டும் எப்படி இல்லாமல் போக முடியும் என்று திகைத்ததைச் சொல்கிறார். அதைவிட எனக்குப் பிடித்தது வேறு ஒரு விவரம். அந்த நாட்களில் உலக வழக்கம் எதுவும் அவர் மனதில் ஒட்டவில்லையாம். வேட்டிமேல் ஒரு முரட்டுத் துணியைப் போர்த்திக்கொண்டு, காலில் செருப்போடு, வெள்ளைக்காரர்கள் வரும் தாக்கர்ஸ் புத்தகக் கடைக்குப் போய் வருவாராம். வெயிலோ மழையோ குளிரோ, மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில்தான் படுக்கை. ஜமீன்தார் வீட்டுப் பிள்ளை! இன்றைக்கு நம் வீட்டில் ஒரு பையன் இப்படி இருந்தால் என்ன சொல்வோம்?

1901 டிசம்பரில் சாந்திநிகேதனில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். பணத்துக்கு மனைவி மிருணாளினியின் நகைகளும் போயின. பதினோரு மாதத்தில், 1902 நவம்பர் 23, மிருணாளினி இறந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. படுக்கையில் இருந்த நாட்களில் கூலிக்கு நர்ஸ் வைக்க தாகூர் சம்மதிக்கவில்லை, தானே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார் என்று மூத்த மகன் ரதீந்திரநாத் எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் இன்னொன்று. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அப்பா தன்னைக் கூப்பிட்டு அம்மா எப்போதும் போட்டுக்கொண்டிருந்த செருப்பைக் கையில் கொடுத்து, இதை நீ வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னாராம். அவ்வளவு பெரிய கவிக்கு அன்றைக்குக் கிடைத்த வார்த்தை அவ்வளவுதான். பையனுக்கு அப்போது வயது பதினான்கு இருக்கும்.

(இதைக் கேட்டதும் பொன்மலை வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. அப்பாவின் ரப்பர் செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. அம்மா எடுக்க விடவில்லை. நானும் கேட்கவில்லை.)

அடுத்த வருடம் 1903 செப்டம்பரில், இரண்டாவது மகள் ரேணுகா. காசநோய், பன்னிரண்டு வயது. மலைக்காற்று நல்லது என்று அல்மோரா வரைக்கும் கொண்டு போனார். அங்கே நோயாளி மகளின் பக்கத்தில் இருந்துகொண்டுதான் குழந்தைகளுக்கான கவிதைகள் பலவற்றை எழுதினார். 1905 ஜனவரியில் தந்தை தேவேந்திரநாத்.

பிறகு 1907. கடைசிப் பிள்ளை சமீந்திரநாத், பதினொரு வயது, பூஜை விடுமுறைக்கு நண்பன் வீட்டோடு பீகாரில் முங்கேருக்குப் போனான். காலரா. தந்தி கிடைத்து தாகூர் ஓடினார். பையன் பிழைக்கவில்லை. தேதி நவம்பர் 23. சரியாக ஐந்து வருடத்துக்கு முன்னால் அவன் அம்மா போன அதே தேதி. ரதீந்திரநாத் அப்போது அமெரிக்காவில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தோள் கொடுக்க மூத்த பிள்ளையும் இல்லை.

இவ்வளவுக்கும் நடுவில் வேலை நடந்துகொண்டே இருந்தது. 1907ல் 'பிரவாசி' பத்திரிகையில் ஆரம்பித்த 'கோரா' தொடர் 1910 வரை ஓடி முடிந்தது. சமீ போன சில மாதத்தில், 1908ல், பாப்னாவில் நடந்த மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அப்பா இறந்த அதே 1905ல் (என் சாதி சமாச்சாரம் என்பதால் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்) பதிசரில் ஒரு வங்கி ஆரம்பித்தார். ஆமாம், தாகூர் நம்ம தொழிலும் பார்த்திருக்கிறார்! பதிசர் இப்போது பங்களாதேஷில் இருக்கிறது, தாகூர் குடும்பத்தின் ஜமீன் பகுதி. மகாஜனிடம் வட்டிக்கு வாங்கி அழிந்துகொண்டிருந்த குடியானவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன். முதல் போட்டது நண்பர்களிடம் கடன் வாங்கி. பிறகு நோபல் பரிசுப் பணத்தையும் அதிலேயே டெபாசிட் செய்தார், வட்டி சாந்திநிகேதன் பள்ளிக்கு. 1930களில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்ததும் கொடுத்ததை வசூலிக்க வழி இல்லாமல் வங்கி படுத்தது. நோபல் பணமும் போயிற்று. எங்கள் பாஷையில் மொத்தமும் என்.பி.ஏ. கிரெடிட் ஆபீசராக எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்தக் கடனில் எத்தனை வீட்டில் உலை கொதித்திருக்கும் என்பது எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராது.

இதுவரைக்கும் படித்தால் என்ன தோன்றும்? "பாத்தீங்களா, எவ்வளவு பெரிய மனுஷன், வேலையில் மூழ்கி துக்கத்தை ஜெயித்துவிட்டார்" என்றுதானே? எனக்கும் மார்ச்சில் சொல்லப்பட்ட ஆறுதல் அதுதானே. அன்றைக்கு மியூசியம் வராந்தாவில் நின்று தாதாவிடம் இதையேதான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "மேனேஜர் சாப், பாதி லெட்ஜர்தான் பாத்திருக்கீங்க" என்றார்.

மீதிப் பாதி இது.

1913 நவம்பரில் நோபல் பரிசு. உலகமே கொண்டாடுகிறது. 1914ல் மகன் ரதீந்திரநாத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். இரவும் பகலும் சாவைப் பற்றிய எண்ணமும், செத்துப்போக வேண்டும் என்ற ஆசையும் தன்னை விரட்டுகிறதாக அதில் சொல்கிறார். தான் எதையும் சாதிக்கவில்லை, இனியும் சாதிக்கப்போவதில்லை, வாழ்க்கையே வீண் என்று தோன்றுகிறதாம். ஆசியாவிலேயே முதல் நோபல் வாங்கிய மறு வருடம்! கடைசிச் சாவு நடந்து அப்போது ஏழு வருடம். வெளியே காரணம் எதுவும் தெரியாத இருட்டு. அதை அவர் மறைக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மகனிடமே சொன்னார். மகன் என்ன நினைப்பான், அப்பா என்ற மரியாதை என்ன ஆகும் என்றெல்லாம் பார்க்கவில்லை.

1918 மே மாதம் மூத்த மகள் மாதுரிலதா. இவருக்கும் காசநோய்தான். தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒருநாள் வாசலுக்குப் போனபோதே மகள் போய்விட்ட செய்தி தெரிந்தது. மாடி ஏறவில்லை, அப்படியே திரும்பிவிட்டார். எத்தனை தைரியசாலிக்கும் ஏற முடியாத படி ஒன்று இருக்கிறது போல.

1929 கடைசியில், அறுபத்தெட்டு வயதில், பிளாஞ்செட் வைத்து ஆவிகளோடு பேச உட்கார்ந்திருக்கிறார். ஒரு பெண் மீடியமாக இருக்க, இவர் கேள்வி கேட்க, பதில்களை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். சமீயையும் கூப்பிட்டுப் பேசினார். அது ஆவியா, மனப்பிரமையா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. பையன் போய் இருபத்திரண்டு வருடம் கழித்தும் ஒரு கிழவருக்கு அவனிடம் கேட்க ஏதோ பாக்கி இருந்தது. எனக்கு அது போதும். எட்டு மாதம் கழித்து ரெக்கார்டு ரூமில் அழுததற்காக நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்!

நிற்க. இனி ஒரே ஒரு வருடம்தான் பாக்கி. 1932.

தாகூரின் ஒரே பேரன், இளைய மகள் மீராவின் பிள்ளை நீதீந்திரநாத், ஜெர்மனியில் படிக்கப் போன இடத்தில் காசநோயில் இறந்தான். இருபது வயது. தேதி ஆகஸ்ட் 7. (ஒன்பது வருடம் கழித்து, 1941ல், தாகூர் இறந்ததும் அதே ஆகஸ்ட் 7.) அப்போது சாந்திநிகேதனில் மழைக்கால விழா நடக்க வேண்டிய சமயம். குருதேவருக்குத் துக்கம், இந்த வருடம் விழா வேண்டாம் என்றார்கள் பலர். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த மீராவுக்கு அந்த மாதக் கடைசியில் எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார். தன்னுடைய துக்கத்தின் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்வதாகவும், அதை ஊரார் தலையில் வைக்க மாட்டேன் என்பதுபோலவும் எழுதுகிறார். அதே கடிதத்தில்தான், இருபத்தைந்து வருடம் கழித்து, சமீ போன மறுநாள் ராத்திரி ரயிலில் வந்ததையும் சொல்கிறார். ஜன்னலுக்கு வெளியே வானம் முழுக்க நிலா வெளிச்சம், எங்கேயும் எதுவும் குறைந்துபோன அடையாளமே இல்லையாம். எல்லாம் எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிறது, தானும் அதற்குள்தான், தன் வேலையும் பாக்கி இருக்கிறது என்று அன்றைக்கு மனது சொன்னதாம்.

நான் 'பொறுப்பு' என்று எழுதிய இடத்தில் வங்காளத்தில் இருக்கும் வார்த்தை 'தாய்'. தமிழில் எழுதினால் நம் தாய் மாதிரி இருக்கிறது, தானம், தயவு என்பதில் வரும் 'த' அது. எங்களுக்குத் தினமும் புழங்குகிற வார்த்தை. வங்காள பேலன்ஸ் ஷீட்டில் லயபிலிட்டிக்குப் பெயர் அதுதான். அப்பா இறந்தால் மகனுக்கு இருப்பதை 'பித்ரிதாய்' என்பார்கள். இங்கே அப்பாவை இழந்த பையன் காரியம் முடியும் வரை தைக்காத வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு, தனக்கென்று பொங்கிய ஒருவேளை உணவைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். டிராமில் அப்படி ஒருவன் ஏறினால் கேட்காமலே இடம் கொடுப்பார்கள். தெருவுக்கே தெரியும், இவன் கணக்கில் இப்போது ஒரு பெரிய கடன் நிற்கிறது என்று. நான் பேன்ட் சட்டையில் வந்ததால் மொட்டை வளர்ந்ததும் கணக்கு முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். நானும்தான்.

எனக்கு விளங்கியது இதுதான். வேலை அந்தக் கடனை அடைப்பதில்லை. வேலை பார்ப்பது அன்றாட வட்டி கட்டுவது மாதிரி. கட்டித்தான் ஆக வேண்டும், கட்டாவிட்டால் வீடு நடக்காது. ஆனால் அசல் அப்படியே நிற்கும். ஏழு வருடம் கழித்து வரும், இருபத்திரண்டு வருடம் கழித்து வரும், கவுண்டரில் ஒருவர் சிரித்தால் வரும். வரும்போது, "இன்னுமா?" என்று நம்மை நாமே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நம் பெயரில் இருக்கிற கடன், வரத்தான் செய்யும். ஊர் விழாவை அதற்காக நிறுத்த வேண்டாம். அதே சமயம் வாயை மூடிக்கொண்டும் இருக்க வேண்டாம். அந்தப் பெரியவரே மகனிடம் சொன்னார், மகளிடம் சொன்னார்.

நானும் கடைசியில் மனைவியிடம் சொன்னேன். தூக்கம் வராததற்கு டாக்டரிடமும் போனேன். மூன்று மாதம் மருந்து, அப்புறம் பேச்சு. இப்போது பரவாயில்லை. ராத்திரி போன் வந்தால் இன்னும் பக்கென்றுதான் இருக்கிறது.

சொல்ல மறந்துவிட்டேன். அப்பாவுக்குப் பிறகு குடும்ப பென்ஷன் அம்மா பெயருக்கு வந்துவிட்டது. அதனால் நவம்பரில் அம்மாவும் லைஃப் சர்ட்டிஃபிகேட் கொடுக்க வேண்டும். 2022லும் அதற்கு அடுத்த வருடமும் நான் கேட்கவே இல்லை. அது அப்பாவிடம் கேட்கும் கேள்வி. வாய் வரவில்லை. தங்கைதான் கூட்டிக்கொண்டு போனாள்.

அதற்கும் அடுத்த நவம்பரில், கூட்டம் ஓய்ந்த ஒரு மத்தியானம், சீட்டில் இருந்தே போன் போட்டேன்.

"அம்மா, லைஃப் சர்ட்டிஃபிகேட் குடுத்தாச்சா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"என்னடா, உங்கப்பாகிட்ட கேக்கற மாதிரியே கேக்கற" என்றாள். குரல் உடைந்தது. எனக்கும்தான். எதிரே ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார், பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். அப்புறம் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாளைக்குப் போறேன், ஆதார் கார்டு எங்க வெச்சேன்னு தெரியல" என்றாள்.

எந்த டிராயரில் இருக்கிறது என்று சொன்னேன். அப்பா வைக்கிற இடம்தான்.

பி.கு.: தூக்கம், பசி எல்லாம் போய், 1914ல் தாகூருக்கு வந்தது போன்ற எண்ணம் யாருக்காவது வந்தால் தள்ளிப்போட வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ், எண் 14416, 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. தமிழிலும் பேசலாம், காசு கிடையாது. கடன் நம்முடையதுதான், ஆனால் வங்கிக்கு வந்து பேசக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.